தாலிக்கு எட்டாத காலர்

டக். டக்.

ஜமால் பாய் காத்தாடியை நிறுத்தினார். கடைக்குள் இருந்த மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தோம். நான், என் வீட்டுக்காரர் சேகர், தையல்காரர் ஜமால் பாய். ஜோகூர் பாருவை அடுத்த உலு திராமில் ஒரு கைப்பேசிக் கடைக்கு மேலே, செங்குத்தான படியேறிப் போனால் பாயின் தையல் கடை. சாயங்கால நேரம். கீழே யாரோ வாழைப்பழம் பொரிக்கும் வாசனை எங்களுக்கு முன்பே படியேறி வந்து உட்கார்ந்திருந்தது.

நிலைக்கண்ணாடி முன்னால் பாதி தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். வெள்ளை நூலில் நீள நீளமாகத் தையல் ஓட்டி, அங்கங்கே குண்டூசி குத்திய கருநீலக் கோட்டு. அதன் காலரில் என் சின்ன மைக். துணிச் சுருள்களுக்கு நடுவே, கையோடு கொண்டுவந்திருந்த ஒலிபெருக்கி.

“அன்பார்ந்த உற்றார் உறவினர்களே,” என்றேன்.

டக்.

“மணமக்களை வாழ்த்த வந்திருக்கும் நல்ல உள்ளங்களே...”

டக், டக்.

“காத்தாடி இல்ல போல,” என்றார் பாய். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதன் பேட்டரியை எடுத்தார். சேகர் போய் ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். கூரை மேல் பூனை ஓடுகிறது என்று தீர்ப்பும் சொன்னார். நான் அவர் பக்கம் திரும்பி, “பூனை செருப்பு போட்டுக்கிட்டா ஓடும்?” என்று கேட்டேன். ஒலிபெருக்கி டக் டக் டக் என்று சிரித்தது.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க தாலி.”

குனிந்து பார்த்தேன். தாலியும் அதோடு கோத்த காசும் குண்டும் பவழமும், நான் அசையும்போதெல்லாம் மைக்கின் தலையில் குட்டிக்கொண்டிருந்தன.

மைக் பிடித்த கை

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் படிக்கிறீர்கள் என்றால், நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாண வரவேற்பு விருந்துகளில் “இப்போது மணமக்கள் மேடைக்கு வருகிறார்கள்” என்று ஒரு குரல் கேட்குமே, அந்தக் குரல்தான் மல்லிகா. தெப்ராவ் பக்கத்து மண்டபங்களில் என் குரலைக் கேட்காமல் விருந்து சாப்பிட்டவர்கள் குறைவு. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சோறு போடுவது அந்தக் குரல்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நான் மைக்கைத் தேடிப் போகவில்லை. சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் இருபத்தோராவது பிறந்தநாள் விருந்து. பேச வேண்டியவர் வந்து சேரவில்லை. யாரோ என் கையில் மைக்கைத் திணித்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல், “எல்லாரும் கை கழுவிட்டு வந்து உட்காருங்க” என்றேன். பெரியப்பா, சித்தப்பா, வாசலில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த ஆம்பளைகள் எல்லோரும் வரிசையாகப் போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அட, இது நல்லா இருக்கே என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் வலது கை எனக்குச் சொந்தமில்லை. கல்யாண ஆல்பங்களில் என் முகத்தில் பாதியை ஒரு கறுப்புக் குழல் மறைத்திருக்கும். எதிரே பெரியவர்கள் வந்தால் மைக்கை அக்குளில் செருகிக்கொண்டுதான் வணக்கம் வைப்பேன். உடனே மண்டபம் முழுக்கக் கர்ர்ர் என்று ஒரு சத்தம் போகும்.

வளையல் கதை இன்னும் மோசம். தொழிலுக்கு வந்த புதிதில் வலது கை நிறைய கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு போனேன். மைக்கைப் பிடித்த கை கொஞ்சம் அசைந்தாலும் கிணுகிணுவென்று ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்கும். ஒரு விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து, “வெளியே ஐஸ்கிரீம்காரன் மணி அடிக்கிறான், போகச் சொல்லுங்க” என்று உரக்கச் சொல்லிவிட்டார். மண்டபமே சிரித்தது. அன்றைக்குக் கழற்றியதுதான். இடது கையில் மட்டும் வளையல், வலது கை மொட்டை. வீட்டுக்கு வந்து வளையலைப் பெட்டியில் வைக்கும்போது எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை.

என்னோடு சேர்ந்து அறிவிப்புச் செய்பவன் ரவி. என்னைவிட இளையவன், அக்கா அக்கா என்று மரியாதையாகப் பேசும் நல்ல பிள்ளை. அவன் கோட்டு போட்டுக்கொண்டு வருவான். காலரில் விரல் நகம் அளவுக்கு மைக், இரண்டு கையும் பாக்கெட்டில். மேஜை மேஜையாக நடந்து போய் மாமாக்களைக் கலாய்ப்பான், அத்தைகளைப் பாட வைப்பான். நான் மேடை ஓரத்தில் நின்று பிரமுகர்கள் பெயரை வாசிப்பேன். பட்டுப்புடவையில் அந்த மைக் நிற்காது. முந்தானை மடிப்பில் மாட்டினால் பட்டு சரசரக்கும், ஜரிகை கீறும். எங்கள் இருவரில் யார் முதன்மை அறிவிப்பாளர், யார் துணை என்பதை முடிவு செய்தது துணிதான்.

விருந்து முடிவில் ரவிக்குப் பொன்னாடை, எனக்குப் பழத்தட்டு. சேகருக்கு ஆரஞ்சு பிடிக்கும் என்பதால் நானும் சும்மா இருந்தேன். நிகழ்ச்சி நன்றாக அமைந்துவிட்டால் ரவி என்னைப் பார்த்துக் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். எனக்குத் தூக்கிவிடக் காலர் ஏது? முந்தானையை இழுத்துச் செருகினால் சண்டைக்கு வருகிறாள் என்பார்கள்.

கையில் மைக் கூடாது

தங்காக்கில் பெரிய துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் தன் மகளின் விருந்துக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். முதலாளிகளை நாங்கள் இங்கே தவுக்கே என்போம். அவரையும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். ஜோகூர் பாருவில் ஹோட்டல், பெரிய கூட்டம், வேண்டியவர்கள் எல்லோரும் வருகிறார்கள் என்றார். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது.

“ஒரே ஆளுதான் முழுசா நடத்தணும். ரெண்டு பேரு மாறி மாறிப் பேசினா நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. இன்னொருத்தரு கூட இருந்து ஒத்தாசை பண்ணட்டும். நடந்துக்கிட்டே பேசணும், கையில மைக் கூடாது. சிங்கப்பூர்ல இப்ப அப்படித்தான் பண்றாங்க.”

ரவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னதெல்லாம் அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிதான் இருந்தது.

“நான் பண்றேன் தவுக்கே,” என்றேன்.

“நீங்க நல்லாப் பேசுவீங்கம்மா, இல்லங்கல. புடவையில மைக்க எங்க மாட்டுவீங்க? காதுல மாட்டற மைக்கெல்லாம் வேணாம். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில கூவி விக்கிறவன் மாதிரி இருக்கும்.”

“கோட்டு போட்டுக்கிட்டு வரேன்.”

வாய் முந்திக்கொண்டது. யோசிக்கவே இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும், இத்தனை வருஷமாக இதை ஏன் சொல்லாமல் இருந்தேன் என்றுதான் தோன்றியது.

தவுக்கே என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். துணிக்கடைக்காரர் பார்வை, அளவெடுக்கிற பார்வை.

“சரி. துணி என் கடையில எடுத்துக்கங்க. முந்தின நாள் ரிகர்சல் வச்சிருக்கேன். மைக்ல ஒரு கரகரப்பு கேட்டுச்சுன்னாலும் ரவி எடுத்து நடத்துவாரு. அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது.”

வருத்தப்பட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். விஷயம் அந்த ஒரு விருந்தோடு நிற்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஊரில் ஒரு பெரிய வீட்டில் செய்ததைத்தான் அடுத்த வீட்டிலும் செய்வார்கள். ரவி தனியாக நடத்திவிட்டால், அடுத்தவரும் ஒரே ஆள் போதும் என்பார். எனக்குப் பழத்தட்டும் மிஞ்சாது.

எந்தச் சூட்டு, எந்த ஷால்

ஜமால் பாய்க்குப் போன் போட்டேன். மாப்பிள்ளைக் கோட்டுக்குப் பேர்போனவர். அந்தப் பேரைத் தானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவும் தயங்காதவர்.

“பாய், எனக்கு ஒரு சூட்டு தைக்கணும். அவசரம்.”

“தைச்சிடலாங்க்கா. ஷால் நீளமா வேணுமா?”

“ஷால் எதுக்கு பாய்?”

“அலமாக்! ஷால் இல்லாம எப்படிக்கா? சரி, மெல்லிசா வச்சிடலாம்.”

“அதெல்லாம் வேணாம். பாக்கெட் மட்டும் ஆழமா இருக்கணும். போன் உள்ள போகணும்.”

“போடலாம். ஜிப்பு பின்னாடி வைக்கவா, பக்கத்துல வைக்கவா?”

“கோட்டுக்குப் பின்னாடி எதுக்கு பாய் ஜிப்பு?”

போனில் கேட்டுக்கொண்டிருந்த தையல் இயந்திரச் சத்தம் நின்றது.

“எந்தக் கோட்டுக்கா?” என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் சூட்டு என்று சொன்னால் அது பஞ்சாபி சூட்டு. நீளச் சட்டை, கால்சட்டை, தோளில் ஒரு ஷால். அதையே ஆண் சொன்னால் கோட்டு சூட்டு. கேட்ட குரல் பெண் குரல், அதனால் பாய் மனதுக்குள்ளேயே எனக்கு ஷால் வரை தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நேரில் போனதும் மூன்று கோட்டுகளை வரிசையாக மாட்டிக் காட்டினார். கழுத்திலிருந்து நெஞ்சுவரை மடங்கி இறங்குகிறதே ஒரு பட்டை, அதற்கு லேப்பல் என்று பெயராம். நாங்கள் கழுத்துப் பக்கம் எது மடங்கினாலும் காலர் என்றுதான் சொல்வோம். ‘லேப்பல் பாக்கப் போறேன்’ என்று சேகரிடம் சொன்னபோது, ‘அதான் உள்பக்கம் தைச்சிருப்பாங்களே’ என்றார். அவர் நினைத்தது லேபிளை.

“இது நாட்ச். மடிப்புல ஒரு சின்ன வெட்டு இருக்கு பாருங்க. ஆபீஸ் போறவங்க, இன்சூரன்ஸ் விக்கிறவங்க போடறது. இது பீக். முனை கூரா மேல தோளைப் பாத்து நிக்கும். மாப்பிள்ளைங்க, பெரிய முதலாளிங்க கேக்கறது. ஜோகூர்ல பாதி மாப்பிள்ளைங்க என் பீக் காலர்லதான்க்கா தாலி கட்டியிருக்காங்க.”

“தாலி கட்டறப்ப வேட்டிதானே பாய் கட்டியிருப்பாங்க?”

“சாயங்காலம் போட்டிருப்பாங்கல்ல, அதைச் சொல்றேன். மூணாவது, ஷால்.”

“பாய், மறுபடியும் ஷாலா!”

இந்த ஷால் தோளில் போடுவது இல்லை. வெட்டும் இல்லாமல் கூரும் இல்லாமல், கழுத்தைச் சுற்றி ஒரே வளைவாக வழுக்கிக்கொண்டு இடுப்புவரை இறங்கும் காலர். மேலே சாட்டின் துணி வைத்துத் தைத்திருந்தது. பொம்பளைங்களுக்கு இதுதான் மென்மையாக இருக்கும் என்றார். என் கண் என்னவோ முதலிலேயே பீக்கில்தான் போய் விழுந்தது. ஆனால் பளபளப்பைக் கண்டால் என் புத்தி கொஞ்சம் நழுவும். மேடை விளக்கில் அந்தச் சாட்டின் எப்படி மின்னும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஷால் காலர்தான் இப்போது என் தாலியோடு மோதிக்கொண்டிருந்தது.

மைக் சொன்னால் கழற்றுவேனா

“கழட்டி ஹேண்ட்பேக்ல வச்சிக்கயேன்,” என்றார் சேகர். “ஒரு சாயங்காலம்தானே? நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

சேகர் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் பாலம் தாண்டிப் போகிறவர். மனைவி என்ன உடுத்துகிறாள் என்பதில் தலையிட அவருக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறிவிட்டது.

கோட்டு போடத் துணிந்தவள், கூடவே தாலியையும் கழற்றிவிடுவாள் என்று எவ்வளவு சுலபமாக நினைத்துவிடுகிறார்கள்! இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? தாலி என் கழுத்தில் இருப்பது என் இஷ்டம். அது எனக்குப் பிடிக்கும், அதன் கனம் பிடிக்கும். வேண்டாம் என்று என்றைக்காவது தோன்றினால் நானே கழற்றி வைத்துக்கொள்வேன். மைக்குக்கு ஏற்கெனவே என் வளையலைக் கொடுத்தாயிற்று. இப்போது தாலியையும் கேட்கிறதா அது?

“தாலி இங்கதான் இருக்கும். காலரை மாத்துங்க பாய்,” என்றேன்.

முதலில் தாலியைச் சட்டைக்குள் போட்டுப் பார்த்தேன். டக் டக் போய், தொண்டை கட்டியவர் செருமுவது மாதிரி துப் துப் என்று வந்தது. பிறகு மைக்கைக் கையில் எடுத்து, பேசிக்கொண்டே நெஞ்சிலிருந்து மேலே மேலே நகர்த்தினேன். தோள் எலும்புக்குப் பக்கத்தில் போனதும் சத்தம் நின்றது. ஆனால் ஷால் காலர் அந்த இடத்தில் உருண்டு வளைகிறது. அங்கே மாட்டினால் மைக் என் வாயைப் பார்க்க மாட்டேன் என்று தோள் பக்கம் திரும்பிக்கொண்டது. நாலு எட்டு நடந்தால் சாட்டினில் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அப்போதுதான் கொக்கியில் தொங்கிய அந்தக் கோட்டைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை போட்டு, பெயர் எழுதி ஒட்டி, தயாராக இருந்தது. பீக் காலர். உறையை உருவிவிட்டுக் கையை நுழைத்தேன்.

“அக்கா! அக்கா, அது மாப்பிள்ளை கோட்டு! நாளைக்கு எடுக்க வருவாங்க!”

“இன்னிக்கு நான் போட்டா நாளைக்குக் கல்யாணம் நின்னு போயிடாது பாய். ரெண்டு நிமிஷம்.”

மாப்பிள்ளை நல்ல உயரம் போலிருக்கிறது. என் விரல் நுனிகூட வெளியே வரவில்லை. சேகர்தான் மைக்கை மாட்டிவிட்டார். காலரின் முனை மேலே பார்த்து நிற்பதால், அதைக் கவ்விய மைக்கும் நேராக என் வாயைப் பார்த்தது. அன்பார்ந்த உற்றார் உறவினர்களே என்று ஆரம்பித்தேன். நடந்தேன், குனிந்தேன், சட்டென்று திரும்பினேன், ஒரு குதியும் குதித்தேன். தாலி அதன் இஷ்டத்துக்கு ஆடியது. ஒலிபெருக்கியில் என் குரலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“கேக்க நல்லாத்தான் இருக்கு,” என்றார் பாய், மனமில்லாமல். “ஆனா பீக்கு பொம்பளைங்களுக்கு...”

“பொம்பளைங்களுக்குத்தான் பாய் பீக்கு. ஆம்பளைங்களுக்கு மைக்ல இடிக்க கழுத்துல என்ன இருக்கு?”

பாய் யோசித்தார். தன் கழுத்தைத் தானே ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரித்தே விட்டார். “அப்ப இத்தனை நாளா ஆள் மாத்தித்தான் தைச்சிருக்கேன் போல,” என்றார்.

சிரிப்பு அடங்கியதும் தலையைச் சொறிந்தார். முன்பக்கத்தை ஷாலுக்காக வெட்டியாகிவிட்டது, பீக்குக்கு அகலம் போதாது. முன்பக்கம் இரண்டையும் புதிதாக வெட்ட வேண்டும். அதே துணி, அதே சாயம் வேண்டும். அது ஒரே இடத்தில்தான் கிடைக்கும்.

தங்காக்குக்கு ஓர் ஓட்டம்

சேகரின் ஓய்வு நாளில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் எண்ணெய்ப்பனையும் லாரிகளும்.

“நான் சும்மாத்தான் சொன்னேன், கழட்டறதைப் பத்தி,” என்றார் சேகர்.

“தெரியும்.”

“கோவமா?”

“இருந்துச்சு. ஆயர் ஈத்தாம் தாண்டறப்ப போயிடுச்சு.”

தூரத்தில் லேடாங் மலை உச்சியில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. கடைத்தெருவில் நுழைந்ததும் துணி வாசனை. புதுத் துணிக்கு ஒரு கஞ்சி வாசனை உண்டு. அதை முகர்ந்தாலே எனக்குத் தைரியம் வரும். அன்றைக்குத் தேவைப்பட்டது.

தவுக்கே கல்லாவில் இருந்தார். இன்னும் கொஞ்சம் துணி வேண்டும் என்றதும் அவர் புருவம் சுருங்கியது.

“துணி பத்தலையா? எங்க ஆளுங்க சரியாத்தானே அளந்தாங்க. மைக்ல ஏதாச்சும் பிரச்சினையா?”

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். துணியை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ரிகர்சலுக்கு முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. ஆனால் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அவ்வளவு வீறாப்பாகச் சொன்னவள், அதைப் பற்றிப் பேசுவதை மட்டும் மறைப்பானேன்?

“தாலி மைக்ல இடிச்சுது தவுக்கே. அதுக்கு எட்டாத மாதிரி காலரை மேல தூக்கறேன்.”

அவர் எழுந்தார். கருநீலத் துணிச் சுருளைத் தானே எடுத்துவந்து மேஜையில் உருட்டினார். கத்தரிக்கோலை வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“எங்க வீட்டுக்காரம்மா கோயில்ல பஜனை பாடறப்ப மைக்க ஒரு முழம் தள்ளிப் பிடிப்பாங்க. சத்தமே கேக்காது. கிட்ட வச்சிப் பாடுன்னு நான் திட்டிக்கிட்டே இருப்பேன்,” என்றார். “ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.”

நான் கேட்டதைவிடத் தாராளமாக வெட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “ஆனா ரிகர்சல் ரிகர்சல்தான்,” என்றார். வியாபாரி வியாபாரிதான்.

காலியாக ஒரு கை

ரிகர்சல் அன்று மதியம் ஹோட்டல் மண்டபத்தில் மேஜைகளுக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கருநீலக் கோட்டும் கால்சட்டையும் போட்டு, உள்ளே என் பழைய அரக்குப் பட்டுப்புடவையை வெட்டித் தைத்த சட்டை, நெற்றியில் பொட்டு, கொண்டையில் மல்லிகை. பீக் காலரில் பாய் அதே சாட்டினை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். பளபளப்பையும் விடவில்லை நான்.

தவுக்கே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “நடங்கம்மா,” என்றார்.

நடந்தேன். மேஜைகளுக்கு நடுவே புகுந்து, மேடை ஏறி, இறங்கி, வாயிலில் போய் இல்லாத மாப்பிள்ளையை வரவேற்று, இல்லாத அத்தையைப் பாடச் சொல்லி, முழு நிகழ்ச்சியையும் ஓட்டிக் காட்டினேன். ஒலி பார்த்துக்கொண்ட சீனர் கட்டை விரலைத் தூக்கி, “பெர்சே, காக்!” என்றார். சத்தம் சுத்தமாக இருக்கிறது அக்கா என்று அர்த்தம்.

தவுக்கே கண்ணைத் திறந்தார். “நாளைக்கும் இப்படியே பேசுங்க,” என்றார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு.

ரவி வந்து கை நீட்டினான். முகத்தில் ஏமாற்றம் கொஞ்சம் இருந்தது, இல்லாமல் இருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் கை நீட்டியது மனதார நீட்டியதுதான். நானும் நீட்டினேன். அப்போதுதான் உறைத்தது, என் வலது கை காலியாக இருக்கிறது.

மறுநாள் அந்தக் கை நிறைய வளையல் அடுக்கிக்கொண்டு போனேன். இடுப்புக்குக் கீழே அது கிணுகிணுத்தது மைக்குக்கு லேசாகத்தான் எட்டியது. கல்யாண விருந்தில் கேட்க வேண்டிய சத்தம்தானே அது.

பொன்னாடை

விருந்து எப்படி நடந்தது என்று நானே சொன்னால் நன்றாக இருக்காது. நன்றாக நடந்தது.

முடிவில் நன்றி சொல்லும் நேரம். தவுக்கே தங்கச் சரிகை போட்ட பொன்னாடையோடு மேடை ஏறினார். இந்த இடத்தில் நான்தான் வழக்கமாக அறிவிப்பேன், ரவி தோளைத் தாழ்த்துவான். அன்றைக்கு ரவி மேடையோர மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, “நமது முதன்மை அறிவிப்பாளர் திருமதி மல்லிகா சேகர் அவர்களுக்கு, இப்போது பொன்னாடை போர்த்தி கௌரவிக்கப்படும்,” என்றான். எத்தனை பேருக்கு நான் சொல்லியிருக்கும் வாக்கியம். என் பெயரோடு அதைக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

தவுக்கே கடையிலேயே நல்ல அகலமான பொன்னாடையாகப் பார்த்து எடுத்திருக்க வேண்டும். இரண்டு தோளையும் மூடி, காலரையும் மூடி, மைக்கையும் மூடி விழுந்தது. நான் “நன்றி” என்றேன். மண்டபத்தில் கேட்டது நன்றி இல்லை. யாரோ வாசல் பெருக்குகிற மாதிரி கரகரகரவென்று ஒரு சத்தம்.

கூட்டம் சிரித்தது. தவுக்கேயின் முகம் மாறியது. ஒரு கரகரப்பு கேட்டாலும் என்று சொன்ன மனிதர் அவர். பொன்னாடையைச் சரிசெய்யக் கையைக் கொண்டுவந்தார், பாதி வழியில் நிறுத்திக்கொண்டார். ஒரு பெண்ணின் நெஞ்சுப் பக்கம் கையை எங்கே வைப்பது? ரவியும் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுவிட்டான். மேடையில் அத்தனை ஆம்பளைகளும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

என் கை காலியாகத்தானே இருந்தது! வளையல் குலுங்க இரண்டு கையையும் பொன்னாடைக்குள் விட்டேன். காலரின் இரண்டு முனைகளையும் பிடித்து, வெளியே இழுத்து, தோளுக்கு மேலே தூக்கிவிட்டேன்.

கடைசி மேஜையிலிருந்து ஒரு விசில் வந்தது. எங்கள் வீட்டு விசில்தான், எனக்குத் தெரியாதா! அதற்குப் பின்னால் மண்டபமே விசிலடித்தது.

“தவுக்கே,” என்றேன். என் குரல் சுத்தமாகக் கேட்டது. “கரகரப்பு உங்க துணியோடது. என் காலர்ல ஒரு குறையும் இல்ல.”

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

மைக்கை வெளியே எடுக்கத்தான் காலரைத் தூக்கினேன், வேறு எதற்கும் இல்லை என்று காரில் வரும்போதே சேகரிடம் சொன்னேன். இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் நம்பவில்லை.

நம்ப வேண்டாம்.